அல்லியும் தாசில்தாரும் ஒரே தொட்டியில்

பிலாய்க்காரர் என்று கேட்டால்தான் ராஜகீழ்ப்பாக்கத்தில் வேதசிரோமணியின் வீட்டைக் காட்டுவார்கள். மனுஷன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் தாம்பரத்தில்தான். ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் வடக்கே பிலாயில் இரும்பு ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்துகொண்டு, வருஷத்துக்கு ஒரு மாசம் மட்டும் தலையைக் காட்டிவிட்டுப் போகிறவரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்?

அந்த ஒரு மாசம் இருக்கிறதே, சும்மா சொல்லக்கூடாது. மே மாசம். பள்ளிக்கூடம் லீவு என்பதால் மனைவி சாராள் டீச்சர் வீட்டில் இருப்பாள். காலையில் ஆப்பம், தேங்காய்ப்பால். மத்தியானம் கோழிக்குழம்பு. சாயங்காலம் மகளையும் கூட்டிக்கொண்டு கடற்கரை. அவர் எதைச் சொன்னாலும் "சரிங்க". ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஆளுக்கு ஆள் கையைப் பிடித்து நலம் விசாரிப்பார்கள். வீடு வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். அந்த மரியாதையை மூட்டை கட்டிக்கொண்டு போய்த்தான் மிச்ச மாசங்களை அவர் ஓட்டினார். வீடு என்றால் மே மாசம் என்று மனசில் பதிந்துவிட்டது. இனிமேல் வருஷம் முழுக்க மே மாசம்தான் என்று நம்பி, தொண்ணூற்றொன்றாம் வருஷம் பொங்கல் முடிந்த கையோடு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பெட்டி படுக்கையோடும் ஒரு தேக்குமரச் சாய்வு நாற்காலியோடும் வந்து இறங்கினார். நட்டும் போல்ட்டும் எண்ணியே பழகிய மனுஷன் வாழ்க்கையில் போட்ட ஒரே தப்புக் கணக்கு அது.

சாராளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். இவர் அங்கே இரும்பு எண்ணிக்கொண்டிருந்தபோது, இங்கே வயல்வெளியாகக் கிடந்த ராஜகீழ்ப்பாக்கத்தில் மனை வாங்கி, கொத்தனார் தலைமேல் நின்று வீடு கட்டி, கிணறு வெட்டி, பெண்ணை வளர்த்து, கல்யாணம் பண்ணிக் கோயம்புத்தூருக்கு அனுப்பியவள். அதற்காக ஒருநாளும் அலட்டிக்கொண்டதில்லை. அதனால்தானோ என்னவோ, இதெல்லாம் தானாகவே நடந்தது என்று வேதசிரோமணி நினைத்திருந்தார்.

வந்த அன்றைக்கே, போன மே மாசம் இல்லாத ஒரு கண்ணாடித் தொட்டி அவர் கண்ணில் பட்டது. ஹாலில் ஜன்னலுக்குப் பக்கத்தில், நீளமாக, மீன் தொட்டி மாதிரி. மேலே கம்பிவலை மூடி, மூடி மேலே ஒரு செங்கல். உள்ளே தண்ணீர் இல்லை. மண்ணும் மரப்பட்டையும் உடைந்த பானை ஓடுகளும் கிடந்தன. நட்டநடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதன்மேல் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது.

"இது என்ன, மீன் செத்துப்போச்சா?"

"மீன் இல்லீங்க. பல்லி."

"பல்லியா?" என்று சுவரைப் பார்த்தார். டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் ரெண்டு மூணு பல்லிகள் வாடகை கொடுக்காமல் உட்கார்ந்திருந்தன. "இங்க சும்மாவே இத்தனை இருக்கே. இதுக்குத் தனியா வீடு வேறயா?"

சாராளுக்கு இந்தக் கேள்வி புதுசில்லை. தெருவே கேட்டாகிவிட்டது. ஆண் பல்லி கதவிடுக்கில் மாட்டி விரல் நசுங்கி விழுந்தது. ஆறட்டும் என்று தொட்டியில் விட்டாள். பெண் பல்லி பள்ளிக்கூட லேபில் காலண்டருக்குப் பின்னால் இருந்த முட்டையிலிருந்து வந்தது. டியூஷனுக்கு வருகிற பெண்கள் பேரும் வைத்துவிட்டார்கள். யார் வந்தாலும் தலையைத் தூக்கி அதட்டுவதால் ஆணுக்குத் தாசில்தார். வெளிறின வயிறும் மெலிந்த உடம்புமாக இருந்ததால் பெண்ணுக்கு அல்லி. அப்புறம் அதுகளை எப்படி வெளியே விரட்டுவது?

"சரி, நடுவுல எதுக்குத் தடுப்பு? பல்லிக்குக் கோஷாவா?" என்று கேட்டுவிட்டு அவர் நாற்காலியைப் பிரித்து, எங்கே போடலாம் என்று பார்க்க ஆரம்பித்தார்.

"ஆணையும் பொண்ணையும் சும்மா ஒண்ணா விடக்கூடாதுங்க. அவன் துரத்துவான், கழுத்தைக் கடிப்பான். வெளியிலன்னா அவ ஓடறதுக்குச் சுவர் முழுக்க இருக்கு, தொட்டியில எங்க போவா? அவ நல்லா தின்னு தெம்பா இருக்கறப்ப மட்டும், ரெண்டு பேருக்கும் ஒளிய தனித்தனி ஓடு வச்சு, நான் பக்கத்துலயே உக்காந்து ரெண்டு நாள் விட்டுப் பார்ப்பேன். கடிக்கலேன்னா இருக்கட்டும். கடிச்சா அப்பவே பிரிச்சிடுவேன். வயித்துல முட்டை தெரிஞ்சுதுன்னா அப்புறம் அவன் வாசனையே அவ பக்கம் வரக்கூடாது."

வகுப்பில் பாடம் நடத்துவதுபோல அழகாகச் சொன்னாள். அவர் "ம், ம்" என்று தலையாட்டிக்கொண்டே நாற்காலியைத் தரதரவென்று இழுத்து, ஹாலில் ஜன்னலை முழுக்க அடைத்து, தொட்டியை ஒரு முழம் தள்ளிவிட்டுப் போட்டார். அது டியூஷன் பெண்கள் உட்காருகிற இடம். சாராள் நாற்காலியைப் பார்த்தாள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று முதல் வாரமே சண்டை போட்டு நிறுத்தினார். சமையலறை டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கி வைத்தார். உப்பு எங்கே போயிற்று என்று சாராள் ரெண்டு நாள் தேடினாள். டியூஷன் பெண்கள் சத்தமாகப் படிக்கிறார்கள் என்று, "வாய்க்குள்ளயே படிங்கம்மா" என்று அதட்டினார். மாசக் கடைசிக்குள் பாதிப் பெண்கள் வராமல் நின்றுவிட்டார்கள். கேட்டால், "வீட்டுக்கு ஒரு ஒழுங்கு வேண்டாமா?" என்பார். யார் வந்தாலும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "யாரு, என்ன வேணும்?" என்று அவர் கேட்கிற தோரணையைப் பார்த்து, மிச்சமிருந்த பெண்கள் தொட்டியைக் கண்ணால் காட்டி ஒருத்தரையொருத்தர் இடித்துக்கொண்டார்கள். அது அவருக்கு விளங்கவில்லை.

பிப்ரவரியில் சாராள் தொட்டியைப் பின் ரூமுக்குக் கொண்டுபோனாள். அதோடு தன் மேஜை, புத்தகங்கள், பாய், தலையணை எல்லாமும் போயின. "கொஞ்ச நாளைக்குத்தான். திருத்தற வேலை நிறைய இருக்கு" என்றாள். கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போயிற்று. சோறு நேரத்துக்கு வந்தது, சட்டை இஸ்திரி போட்டு வந்தது, பேச்சுதான் வரவில்லை. "சரிங்க" என்ற வார்த்தை அந்த வீட்டை விட்டே போய்விட்டது.

வேதசிரோமணிக்கு உள்ளுக்குள் நொந்துபோயிற்று. பொய் சொல்வானேன், பிலாயில் தனி ரூமில் கிடந்தபோதுகூட இத்தனை தனிமையாக இருந்ததில்லை. அங்கேயாவது மே மாசம் வரும் என்று காத்திருக்கலாம். இங்கே, சொந்த வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பெண்டாட்டி இருக்கிறாள், அவளிடம் போய் 'உன் பக்கத்தில் வந்து உட்காரட்டுமா' என்று கேட்க நாக்கு எழவில்லை. கேட்டுப் பழக்கமில்லாத நாக்கு. அவருக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒன்றுதான். அது எப்படிக் கிடைக்கும் என்று மட்டும் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள் உள்ளே நுழைகிறாள். இந்தப் பக்கத்து மனைகளெல்லாம் ஒருகாலத்தில் அவள் வீட்டு நெல்வயல். வயலை மனையாகப் போட்டு விற்கிற வேலையைப் புருஷன் ஜெயவேலு பார்த்துக்கொண்டார். எதை எப்போது விற்பது என்று முடிவு பண்ணுகிற வேலை கங்கையம்மாளுடையது. அதற்கு அவள் நம்பியது பல்லியை. சொந்த வீட்டுச் சுவர்ப் பல்லி நினைத்தால் சொல்லும், நினைத்தால் ஓடிவிடும். டீச்சர் வீட்டுப் பல்லி அப்படியில்லை, போனால் இருக்கும். அதனால் முக்கியமான சமாச்சாரம் எதுவானாலும் தொட்டி முன்னால் வந்து உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிவிட்டு, தாசில்தார் பதில் சொல்கிறதா என்று பார்ப்பாள்.

ஒருதரம் பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்து மனையைப் பற்றிப் பேசும்போது அது கத்தியது. "அவன் கத்தறது 'இது என் இடம், கிட்ட வராதே'ன்னு அர்த்தம், கங்கையம்மா. உங்க மனையைப் பத்தி இல்ல" என்றாள் சாராள்.

"அத்தாங் டீச்சர் நானும் சொல்றேன். என் எடம்னு அதுவே சொல்லிகினு கீது, நான் இன்னாத்துக்கு விக்கணும்?" என்று கங்கையம்மாள் விற்காமல் விட்டுவிட்டாள். அப்புறம் அந்த மனைக்கு நல்ல விலை வந்தது. விடுவாளா?

ஏப்ரலில் சாராளுக்குச் செங்கல்பட்டில் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வேலை வந்தது. தினம் போய் வர முடியாது என்று அங்கேயே ஒரு டீச்சர் வீட்டில் தங்க ஏற்பாடு. கிளம்பும்போது வேதசிரோமணியைத் தொட்டிப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினாள். அல்லியின் வயிற்றில், மெல்லிய தோலுக்கு உள்ளே, வெள்ளையாக ரெண்டு உருண்டை தெரிந்தது. "முட்டை. இப்போ இவளுக்குத் தொந்தரவே இருக்கக்கூடாது. பூச்சி டப்பாவுல இருக்கு, ரெண்டு பக்கமும் போடுங்க, தண்ணி தெளிங்க. தடுப்பை மட்டும் தொடாதீங்க."

"எனக்குத் தெரியாதா? எத்தனை பெரிய ஸ்டோரைப் பாத்தவன் நான்" என்றார்.

அவள் போன ரெண்டாம் நாள் கங்கையம்மாள் மீன்குழம்புக் கிண்ணத்தோடு வந்தாள். வந்தவள் பின் ரூமில் தொட்டி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். இவர் வாசற்படியில் நின்றார்.

"இன்னா சார், டீச்சர் இல்லாம வூடே ஒரு மாதிரி கீது."

"ம்."

"நான் சொல்றேன்னு தப்பா நெனச்சிக்காத. எனக்கு மனசுல பட்டுது, சொல்லிடறேன். நீ வந்து எத்தினி மாசம் ஆவுது? முன் ரூம்புல ஒரு லைட்டு எரியுது, பின் ரூம்புல ஒரு லைட்டு எரியுது. நான் பாக்கலையா இன்னா?"

வேதசிரோமணிக்கு முகம் சிவந்துவிட்டது. "அது பேப்பர் திருத்தறதுக்கு..."

"இன்னா பேப்பரு! நான் சொல்லவா எது காரணம்னு? இதோ, இதுதான்." தொட்டியைக் காட்டினாள். "பல்லின்னா சும்மாவா? வூட்ல கீற தெய்வம் அது. ஒரு வூட்ல ஜோடியைப் பிரிச்சு நடுவுல தடுப்புப் போட்டு வெச்சா, அந்த வூட்ல புருசன் பொண்டாட்டி எப்டி ஒண்ணா இருப்பாங்கோ? அது தனியா கீது, நீங்களும் தனியா கீறீங்க."

"இதெல்லாம் மூடநம்பிக்கைம்மா" என்றார் வேதசிரோமணி, சர்ச்சில் பிரசங்கம் செய்கிற குரலில்.

"ச்சு ச்சு ச்சு ச்சு" என்றது தாசில்தார்.

கங்கையம்மாள் விரலை மடக்கித் தரையில் டொக் டொக் என்று தட்டினாள். "பாத்தியா? சொல்லிட்ச்சு!" கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நியாயமாகப் பார்த்தால் பல்லி ஒத்துக்கொண்டது 'மூடநம்பிக்கை' என்ற அவருடைய வார்த்தையைத்தான். ஆனால் ஆசை வந்த மனுஷனுக்கு அதெல்லாம் தோன்றுமா? அன்று முழுக்கத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் கிறிஸ்தவன், இதை நம்பமாட்டேன் என்று சொல்லிக்கொண்டார். நம்பாமலேயே செய்து பார்த்தால் என்ன என்றும் சொல்லிக்கொண்டார். தவிரவும், ஆணும் பெண்ணும் சேர்ந்து இருப்பது நல்ல காரியம்தானே? சாராள் திரும்பி வந்து ஜோடியாகப் பார்த்தால் சந்தோஷப்படுவாள். அட, இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லையே என்பாள்.

மறுநாள் காலையில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, செங்கல்லை எடுத்துவிட்டு மூடியைத் திறந்தார். கண்ணாடித் தடுப்பை மெதுவாக உருவினார். கல்யாண ஆராதனையில் பாஸ்டர் சொல்கிற வசனத்தில் பாதியை முணுமுணுத்தார், மீதி மறந்துவிட்டது. தாசில்தார் தலையைத் தூக்கிப் பார்த்தது. வாலை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டியது. "பாரேன், வெட்கப்படறான்" என்று இவர் மகிழ்ந்துபோய், மூடியை மூடிவிட்டு ஹாலுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். ரொம்ப நாளைக்கப்புறம் மனசு லேசாக இருந்தது. மீன்குழம்பு வேறு மிச்சம் இருந்தது. சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினார்.

எழுந்து வந்து பார்த்தால், தொட்டி மண்ணில் ஒரு வால் கிடந்து துடித்துக்கொண்டிருந்தது. வால் மட்டும்.

அல்லி மேல் மூலையில் கம்பிவலையைப் பற்றிக்கொண்டு தொங்கியது. கழுத்துத் தோல் கிழிந்து உள்சதை தெரிந்தது. ஓடு ஒன்றுதான் அதன் பக்கம் இருந்தது. அந்த ஓட்டின் மேல் தாசில்தார் ஏறி நின்றுகொண்டிருந்தது. "அடப் பாவி! அடப் பாவி!" என்று அலறிக்கொண்டு கையை உள்ளே விட்டார். தாசில்தார் அவர் விரலைக் கவ்விக்கொண்டு தொங்கியது. உதறிப் பிரித்து, தடுப்பைப் போட்டு, செங்கல்லை வைத்து முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. அல்லி ஓட்டுக்கு அடியில் போய்ப் படுத்தது, அசையவே இல்லை. பூச்சி போட்டால் பார்க்கவில்லை. வயிற்றில் அந்த ரெண்டு வெள்ளை உருண்டை மட்டும் அப்படியே தெரிந்தன.

பதறிக்கொண்டு கங்கையம்மாள் வீட்டுக்கு ஓடினார். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டு வாயில் கையை வைத்தாள்.

"ஐயே! தடுப்பை எத்துட்டியா? நான் பேச்சுக்குச் சொன்னா நீ போய் எத்துடுவியா? படிச்ச மன்சன்தானே நீ?"

"நீங்கதானே அம்மா சொன்னீங்க, தெய்வம்னு!"

"பல்லி மேல வுய்ந்தா பலன் சொல்லுவேன். பல்லி வாலு வுய்ந்தா எனக்கின்னா தெரியும்? பெரிய பேஜாராப் போச்சே. டீச்சர் வந்தா என் பேரை இஸ்க்காத, சொல்ட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை திருத்துகிற வேலை இல்லை என்பதால் சாராள் அடுத்த நாள் சாயங்காலம் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பின் ரூமுக்குப் போனாள். இவர் பின்னாலேயே போய்ச் சுவரோரம் நின்றார். ஏதாவது பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார்; கட்டுப்போட்ட விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அவள் ஓட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தாள், மறுபடி வைத்தாள். அவர் பயந்தபடி கத்தவில்லை. உட்கார்ந்துகொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"பல்லியைப் பத்தி உங்களுக்குத் தெரியாது, சரி. தெரியாததைத் தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா நான் சொன்னேன்ல? தொடாதீங்கன்னு சொன்னேன்ல?"

"அது... ஜோடியா இருந்தா நல்லதுன்னு..."

"யாருக்கு நல்லது? அவளைக் கேட்டீங்களா?" அவள் குரல் உடைந்தது. "நீங்க வந்த அன்னைக்கு அந்த நாற்காலியைக் கொண்டுவந்து ஜன்னல்ல போட்டீங்க. போடலாமான்னு ஒரு வார்த்தை கேக்கல. பால்காரரை நிறுத்தினீங்க, கேக்கல. என் பொண்ணுங்களை விரட்டினீங்க, கேக்கல. இந்த வீட்டுல ஒவ்வொரு செங்கல்லும் வைக்கறப்ப நான் வெயில்ல நின்னேங்க. இதுல எனக்கு ஒளிய ஒரு ஓடு இந்த ரூமுதான். இதுக்குள்ளயும் வந்து கையை வச்சிட்டீங்க."

வேதசிரோமணி தொட்டியைப் பார்த்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் தாசில்தார் ஓட்டின்மேல் நிமிர்ந்து நின்று, யாரு, என்ன வேணும் என்பதுபோல அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. டியூஷன் பெண்கள் எதற்காகச் சிரித்தார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காது மடலெல்லாம் சுட்டது.

"அப்போ நான் எங்க போறது, சாராள்?" என்றார். "எனக்கு வேற எங்கயும் போகத் தெரியாதே."

"போகச் சொல்லல" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பஞ்சை உப்புத்தண்ணீரில் நனைத்து எடுத்து வந்தாள். "இவ பொழைக்கணும். வாலுல சேர்த்து வச்சிருந்த கொழுப்பும் போச்சு, வயித்துல முட்டை வேற. தின்னாத்தான் பொழைப்பா. நாளைக்கு நான் செங்கல்பட்டு திரும்பிப் போகணும்."

"நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்குப் பூச்சி பிடிக்கத் தெரியுமா?"

"கத்துக்கறேன்" என்றார்.

சாராள் நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை.

அப்புறம் ராஜகீழ்ப்பாக்கம் பார்த்த காட்சியை என்னவென்று சொல்வது! பொழுது சாய்ந்ததும் வேதசிரோமணி வாசல் பல்புக்கு அடியில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நிற்பார். விட்டில் பூச்சி வந்தால் பாட்டிலைக் கவிழ்ப்பார். பாதி நேரம் சுவரில் இடித்துக்கொள்வார். சாக்கடை ஓரம் குந்தி உட்கார்ந்து கரப்பான் குஞ்சுகளைக் குச்சியால் கிளறுவார். சர்ச்சில் கைகொடுத்துக்கொண்டிருந்தவர்கள் தெருவில் வண்டியை நிறுத்தி, "என்ன பிரதர், ஏதாவது தொலைஞ்சுபோச்சா?" என்று கேட்டார்கள். "இல்ல, கரப்பான் பூச்சி பிடிக்கறேன்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் சீக்கிரமே வீடு வந்து சேர்ந்தார்.

முதலில் பூச்சியைத் தொட்டியில் போட்டுவிட்டு, தின்கிறதா என்று மேலே குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பார். அல்லி இன்னும் உள்ளே ஒடுங்கும். ரெண்டு நாள் கழித்துத்தான், தன் நிழல் விழுவதால்தான் அது பயப்படுகிறது என்று அவருக்குப் புரிந்தது. பூச்சியை வைத்துவிட்டு விலகி வந்து, கதவோரம் தரையில் உட்கார்ந்துகொள்ளப் பழகினார். சும்மா உட்கார்ந்திருப்பது எத்தனை கஷ்டம் என்று அந்த வயசில்தான் தெரிந்தது. கை எதையாவது நகர்த்தத் துடிக்கும். அடக்கிக்கொள்வார். கோழிமுட்டை ஓட்டை இடித்துப் பூச்சிமேல் தூவவேண்டும் என்று சாராள் சொல்லிப் போயிருந்தாள், அதையும் செய்தார். அல்லி பிழைக்குமா என்ற பயத்தில் சரியாகச் சாப்பாடுகூட இறங்கவில்லை. அது செத்துப்போனால் சாராள் திட்டமாட்டாள், ஒன்றுமே சொல்லமாட்டாள், அப்படியே பின் ரூமில் இருந்துவிடுவாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஒருநாள் ஓட்டுக்கு அடியிலிருந்து அல்லியின் மூக்கு நீண்டது. பூச்சியைப் பார்த்தது. லபக்கென்று கவ்விக்கொண்டு உள்ளே போய்விட்டது. வேதசிரோமணி சத்தம் போடாமல், வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பக்கத்து வீட்டுக்குப் போய்க் கங்கையம்மாளிடம் சொன்னார். "நான்தான் சொன்னேன்ல, அதுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு" என்றாள் அவள்.

சாராள் பேப்பர் திருத்தி முடித்துத் திரும்பி வந்தபோது, ஓட்டின் உள்பக்கம் ரெண்டு முட்டை ஒட்டியிருந்தன. ஒன்று சுருங்கிப்போயிருந்தது, இன்னொன்று நன்றாக இருந்தது. அல்லியின் வால் இருந்த இடத்தில் மொட்டையாக, சாம்பல் நிறத்தில் ஒரு துணுக்கு முளைத்திருந்தது.

"வளந்துடும்ல?" என்றார் அவர்.

"வளரும். ஆனா பழைய வால் மாதிரி இருக்காது" என்றாள்.

ஹாலுக்குப் போனவள் ஒரு கணம் நின்றாள். ஜன்னல் திறந்து கிடந்தது, வெளிச்சம் தரை முழுக்க விழுந்திருந்தது. நாற்காலி அங்கே இல்லை. அதை அவர் தன் ரூமுக்குள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் செருகிவைத்திருந்தார்; அதில் உட்கார வேண்டுமானால் கட்டில் மேல் ஏறித்தான் இறங்க வேண்டும். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் டியூஷன் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்தார்கள். அவர் இருக்கிறாரா என்று முதலில் எட்டிப் பார்த்தார்கள். அவர் வாசலில் பாட்டிலோடு நின்றுகொண்டு, "உள்ள போங்கம்மா, டீச்சர் இருக்காங்க" என்றார். பெண்கள் உள்ளே போய்ச் சத்தமாகப் படித்தார்கள். தெருவில் அவர் பேரும் மாறிவிட்டது. பிலாய்க்காரர் என்றால் இப்போது நாலு பேர் யோசிப்பார்கள். பூச்சி சார் என்றால் உடனே கைகாட்டுவார்கள்.

ஜூலையில் ஒரு மழைச் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்து சாராள் பின் ரூமில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். முட்டையிலிருந்து வந்த குஞ்சு ஒரு தனி பாட்டிலில், தீக்குச்சி நீளம்கூட இல்லாமல், அதற்குள் தலையைத் தூக்க ஆரம்பித்திருந்தது. வேதசிரோமணி வாசற்படியில் வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அவள் நிமிர்ந்து, "என்னங்க?" என்றாள்.

இத்தனை வருஷமும் அவர் யாரிடமும் கேட்டிராத கேள்வி.

"ஒண்ணுமில்ல. அந்த நாற்காலி... அங்க இடம் பத்தல. இந்த ரூமுல, ஒரு ஓரமா, போட்டுக்கட்டுமா?"

"ச்சு ச்சு ச்சு" என்றது தாசில்தார்.

அவருக்கே தெரியாமல் அவர் விரல் மடங்கிக் கதவு நிலையில் டொக் டொக் என்று தட்டிவிட்டது. தட்டின பிறகுதான் தெரிந்தது. அசடு வழிய நின்றார்.

சாராள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரூமைச் சுற்றிப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். அவசரமே படவில்லை. அவர் காத்திருந்தார்.

"ஜன்னலை மறைக்காம அந்த மூலையில போடுங்க" என்றாள். "ரெண்டு நாள் பார்ப்போம். கடிக்கலேன்னா இருக்கட்டும்."

வேதசிரோமணி போய் நாற்காலியைத் தரையில் இழுக்காமல் தூக்கிக்கொண்டு வந்தார்.